அம்மாவுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். அப்பா சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்து இறந்தவர். அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று இரண்டு மாதமாக ஆப்பில் அலாரம் வைத்துத் தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்கிறேன். உப்பையும் அடியோடு நிறுத்திவிட்டோம். அப்படியும் காலையில் சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, தோல் வறண்டிருக்கிறது. பத்து நாளாகத் தலைவலி, சாப்பாடும் இறங்கவில்லை. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு முறை என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வயதாகிறது இல்லையா? தண்ணீர் இன்னும் கூட்ட வேண்டுமா? நின்றுகொண்டு குடித்தால் மூட்டு தேயும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதலில் அந்த அலாரத்தை அணையுங்கள்.

கடிதம் கிடைத்த உடனேயே, ‘அம்மாவை இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தத்தில் சோடியம் பாருங்கள்’ என்று உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே அலாரத்தோடு இருக்கும் மற்ற வீடுகளுக்காக.

உங்கள் கவலையெல்லாம் சிறுநீரின் நிறத்திலும் தோலிலும் இருக்கிறது. நான் நின்றது வேறு இடத்தில். சுவரைப் பிடித்து நடக்கிறார், பெற்ற மகளை அத்தை பெயரில் கூப்பிடுகிறார். அதற்கு ‘வயதாகிறது’ என்று நீங்களே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டீர்கள். யாருக்கும் பத்து நாளில் வயதாகிவிடுவதில்லை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று தடுமாறினால், உளறினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அன்றே தேட வேண்டும். உங்கள் அம்மா விஷயத்தில் என் முதல் சந்தேகம், ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கிறது என்பதுதான். ‘உப்பு குறைந்துவிட்டது’ என்று வார்டில் சொல்வார்களே, அது.

சோடியம் சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்கும். அது குறைந்தால் ரத்தத்திலிருந்து தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். மற்ற இடங்களில் வீக்கத்துக்கு இடம் உண்டு. மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கிறது, அதற்கு நகர இடமில்லை. அதனால்தான் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், நினைவு தப்பும்.

நான்கு லிட்டர் குடிக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. வேலை செய்து வியர்க்கிற ஒரு இளைஞர் அதைக் குடித்துவிட்டு நான்கு தடவை கூடுதலாகக் கழிவறைக்குப் போவார், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அம்மா சாப்பிடும் மாத்திரை சோடியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளும், அதிகப்படி தண்ணீரைக் கழிக்கும் திறனையும் குறைக்கும். அதோடு, வெறும் தண்ணீரைச் சிறுநீரகம் அப்படியே ஊற்றிவிட முடியாது. சாப்பாட்டிலிருந்து வரும் உப்பும் புரதக் கழிவும் கொஞ்சம் துணைக்கு வேண்டும். சாப்பாடு குறைந்து உப்பும் நின்றுபோனவருக்குத் தண்ணீர் உள்ளேயே தங்கும். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்வோம், உண்மை. அடியோடு நிறுத்தச் சொல்வதில்லை.

ஒரு முறை ஒரு பெரியவரை அழைத்துவந்தார்கள். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் மாட்டியிருந்தன. கையில் மணிக்கணக்குக் கோடு போட்ட இரண்டு லிட்டர் பாட்டில். நான் பேர் கேட்டேன், அவர் பாட்டிலைப் பார்த்து ‘இன்னும் பதினோரு மணிக் கோடு வரவில்லை’ என்றார். மகன் ஞாபக மறதிக்கு மாத்திரை கேட்கத்தான் வந்திருந்தார். சோடியம் 118. சில நாள் வார்டில் வைத்துச் சரிசெய்த பிறகு, தன் சட்டையைப் பார்த்து யார் இப்படிப் போட்டுவிட்டது என்று மகனைத் திட்டினார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்க வேண்டாம். இறங்கிய சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். அதனால்தான் மருத்துவமனையில் மணிக்கு மணி அளந்து மெதுவாக ஏற்றுகிறோம். மாத்திரையைத் தொடர்வதா மாற்றுவதா என்பதையும், ரிசல்ட்டைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரைக்கு மாற வேண்டாம்.

இளைஞர்களும் ரொம்பத் தைரியமாக இருக்க வேண்டாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்கு மேல் குடித்ததுதான் முக்கியக் காரணம்.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு நடந்தது அம்மாவுக்கும் நடந்துவிடுமோ என்ற பயம். அது புரிகிறது. ஆனால் சிறுநீரகம், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சுத்தமாகிற பாத்திரம் இல்லை. அது ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் 99 சதவீதத்தையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு நீங்கள் கூடுதலாகத் தருகிற இரண்டு லிட்டர் எந்த மூலைக்கு? கனடாவில் சிறுநீரகப் பாதிப்பு உள்ள 631 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் ஒரு வருடம் அதிகத் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. சிறுநீரகத்தின் செயல்பாடு குறைகிற வேகத்தில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அம்மாவின் சிறுநீரகத்தைக் காப்பது, கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பாருங்கள். பயத்துக்கு அலாரத்தைவிட இது நல்ல மருந்து.

அப்படியானால் எவ்வளவுதான் குடிப்பது? எட்டு டம்ளர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பலர் தேடியிருக்கிறார்கள். 1945-இல் அமெரிக்க ஊட்டச்சத்துக் குழு ஒன்று, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியது. அதிலேயே அடுத்த வரியில், இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. முதல் வரி உலகம் சுற்றிவிட்டது, இரண்டாவது வரி அங்கேயே நின்றுவிட்டது. 2010-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன அளவும் பெண்களுக்கு இரண்டு லிட்டர், ஆண்களுக்கு இரண்டரை. அதுவும் சாப்பாட்டில் இருக்கிற தண்ணீர், பால், காபி, தேநீர் எல்லாம் சேர்ந்து. காபி குடித்தால் உள்ளதும் வற்றிவிடும் என்பதெல்லாம் கதை.

மற்றவர்களுக்குத் தாகமே போதுமான அலாரம். வயதானவர்களுக்கு மட்டும் தாக உணர்வு கொஞ்சம் மந்தமாகிவிடும். அதனால் சோடியம் சரியாகி, உங்கள் மருத்துவரும் சரி என்ற பிறகு, அம்மாவுக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டோடும் ஒரு டம்ளர், இடையில் கேட்டால் ஒரு டம்ளர் என்று ஒன்றரை லிட்டர் போதும். வெயிலில் அலைந்தால், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் கூட்ட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் நிஜமாகவே நிறையக் குடிக்க வேண்டும், இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்கு. இதயம் பலவீனமானவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

காலைச் சிறுநீர் மஞ்சளாகத்தான் இருக்கும், ராத்திரி முழுக்கச் சேர்ந்தது. பி காம்ப்ளெக்ஸ் போட்டால் இன்னும் பளிச்சென்று போகும். தோல் வறட்சிக்குக் குளித்ததும் கிரீம் தடவுங்கள், குடிக்கிற தண்ணீர் அங்கே போய்ச் சேராது.

நின்றுகொண்டு குடித்தால் மூட்டு தேயாது. ஆனால் அம்மா இப்போது தள்ளாடுவதால் உட்கார்ந்தே குடிக்கட்டும்.