சைவ சாப்பாட்டுல சத்து பத்துமா? நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கார்த்திகை பொறந்தா நம்ம பக்கம் பாதிப்பேர் கழுத்துல மாலை, மிச்சப்பேர் விரதம், அதனால கேள்வியும் குவிஞ்சு கெடக்கு. நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து வளந்து பிறகு போசாக்கு படிச்சவ. பாதாம், கீன்வானு சொல்லி உங்கள கடைக்கடையா அலைய விடமாட்டேன், பயப்படாதீங்க.

பொகவந்தலாவையில இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, நான் சுத்த சைவம், முட்டையும் இல்ல. கொழுந்து எடுக்கப் போறேன், மத்தியானத்துக்கு மேல கை கால் விட்டுப் போகுது. மாச்சத்து பத்தலையா, புரதம் பத்தலையா? எடை 50 கிலோ.

தங்கச்சி, மாச்சத்து நம்ம வீட்டுல பத்தாமப் போறது அபூர்வம். ஒரு நாளைக்கு ரொட்டிக்கு 200 கிராம் கோதுமை மா, ராவைக்கு 150 கிராம் அரிசினு வைங்க, அதுலயே 270 கிராம் கிட்ட மாச்சத்து வந்துருது. புரதத்துக்கு கிலோவுக்கு 0.83 கிராம் கணக்கு, உங்களுக்கு 42 கிராம் வேணும், ஆனா அந்த மாவும் அரிசியும் சேர்ந்து 30தான் குடுக்கும். பாக்கி 12 கிராம் எங்க இருந்து வரும்? பருப்புல இருந்து வரணும், அங்கதான் சிக்கலே. எங்க அம்மா ஆக்குற பருப்ப ஒரு நாள் வேணும்னே நிறுத்துப் பாத்தேன், ஏழு பேருக்கு 100 கிராம். சட்டி நெறைய மஞ்சத் தண்ணி, அடியில அகப்பைய விட்டுத் தேடணும், தலைக்கு மூணரை கிராம் புரதம் கூட வராது. ஆளுக்கு 50 கிராம், அதாவது நல்லா நெறைஞ்ச ஒரு கைப்பிடி பச்சைப் பருப்பு போட்டு கெட்டியா ஆக்குங்க, அந்த 12 கிராம் வந்துரும். வெலை தெரியாம சொல்லல, தெரிஞ்சுதான் சொல்றேன், தினம் முடியாட்டி கௌப்பி (தட்டைப்பயறு), பயறு, கொண்டைக்கடலைனு எது மலிவோ அத மாத்தி மாத்திப் போடுங்க.

இன்னொண்ணு, கை கால் விட்டுப்போறது ரத்தம் கொறைஞ்சதாலயும் இருக்கலாம், கிளினிக்ல ஹீமோகுளோபின் பாத்துருங்க. சாப்பிட்ட கையோட சாயம் (வெறுந் தேத்தண்ணி) குடிச்சா பருப்புல, கீரையில உள்ள இரும்புச்சத்த உடம்பு சரியா எடுக்காது, ஒரு மணித்தியாலம் போகட்டும். முட்டை இல்லன்னா பாலாச்சும், தயிராச்சும் வேணும், பி12 செடி கொடியில கெடைக்காது.

மஸ்கெலியா தம்பி ஒருத்தர்: மாலை போட்டு 41 நாள் சைவம். ஜிம்முக்கும் போறேன், 65 கிலோ. மசில் எறங்கிடுமா? புரோட்டின் பவுடர் வாங்கவா?

சாமி, பவுடர் காச மிச்சம் புடிங்க. வெயிட் தூக்குறவங்களுக்கு கிலோவுக்கு 1.2ல இருந்து 1.6 கிராம் வரைக்கும் போதும். காஞ்ச சோயாமீட்ல பாதிக்குப் பாதி புரதம், 60 கிராம் ஊறப்போட்டு பொரட்டுனா 30 கிராம் வந்துரும். காஞ்சத நிறுக்கணும், ஊறுனத நிறுத்து ஏமாறாதீங்க. அதோட வர்ற சின்ன மசாலா பைக்கட்டுல உப்பு ஜாஸ்தி, தூக்கிப் போட்டுட்டு வீட்டுத் தூள் போடுங்க. கோழி ருசி, கணவாய் ருசினு விக்கிறாங்களே, மாலை போட்டவங்க பைக்கட்ட திருப்பி என்ன சேத்துருக்குனு ஒருக்கா வாசிச்சுருங்க. சோயா தின்னா ஆம்பளத்தனம் கொறையும்கிறது கட்டுக்கதை.

நுவரெலியா: கடலை எவ்வளவு அவிச்சாலும் கல்லு மாதிரி கெடக்கு, அப்பச்சோடா போடலாமா?

கொழும்புல அவியுறது உங்களுக்கு அவியாது, கடலையில குத்தமில்ல. நீங்க இருக்கறது கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஒசரத்துல, அங்க தண்ணி 94 பாகையிலயே கொதிச்சுரும், அதுக்கு மேல சூடு ஏறாது. ராவே ஊறப்போட்டு, ஊறுன தண்ணிய ஊத்திட்டு (வாயுத் தொல்லையும் கொறையும்) பிரஷர் குக்கர்ல வைங்க. சோடா போட்டா பி1 சத்து போயிரும்.

இன்னொருத்தர்: பருப்பும் சோறும் ஒரே வாயில சேர்த்து சாப்பிட்டாத்தான் புரதம் முழுசாகுமாமே?

இல்ல. புரதம் சின்னச் சின்னக் கூறுகளால ஆனது; தானியத்துல லைசின்கிற கூறு கொறவு, பருப்புல மெதியோனின்கிற கூறு கொறவு, ஒண்ணுக்கொண்ணு ஈடு கட்டும், அவ்வளவுதான். காலையில ரொட்டி, ராவைக்கு பருப்புன்னாலும் சரிதான்.

தலவாக்கலையில இருந்து, அஞ்சு மாச கர்ப்பிணி: திரிபோஷா சத்துமா குடுக்குறாங்க, அது சைவமா?

சைவம்தாம்மா, அதுல இருக்கறது சோளம், சோயா, பால்மா. ஆனா பைக்கட்ட ஒடைச்ச அன்னைக்கே தேங்காப்பூ, சீனி போட்டு உருண்டை புடிச்சு வீடு பூரா பங்கு வச்சா ஒங்களுக்கு என்ன மிஞ்சும்? மாமியார் கோவிச்சாலும் பரவால்ல, அது ஒங்க பங்கு. இரும்பு மாத்திரைய தேத்தண்ணியோட முழுங்காதீங்க, பாலோடயும் வேணாம்.

பண்டாரவளை மாமா: சீனி வருத்தம் (நீரிழிவு). சோத்த நிப்பாட்டிட்டேன், ரொட்டியும் கிழங்குக் கறியும்தான், அப்படியும் சீனி எறங்கல.

மாமா, கோவிக்காதீங்க, அது மாச்சத்துக்கு தொட்டுக்க மாச்சத்து. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்குல வராது. ஒரு ரொட்டிய கொறைச்சு, கிழங்க எடுத்துட்டு, அந்த எடத்துல கெட்டிப் பருப்போ அவிச்ச கௌப்பியோ வைங்க, பக்கத்துல போஞ்சி, லீக்ஸ், முட்டைக்கோவா எவ்வளவு வேணாலும். சீனி மருந்து பாவிச்சா டொக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க, திடீர்னு கொறைச்சா சீனி கீழ விழுந்துரும். கிட்னியில ஏதும் பிரச்சினைன்னு சொல்லியிருந்தா நான் சொன்ன பருப்புக் கணக்கு ஒங்களுக்கு இல்ல, அவங்க சொல்ற அளவுதான்.

கடைசியா பதுளை அக்கா: தேங்காய்ச் சம்பல்ல புரதம் இருக்கா?

ஒரு கரண்டியில ஒரு கிராம் வந்தாலே பெரிசு, கொழுப்புதான் ஜாஸ்தி. அதுலயே கொஞ்சம் வறுத்த கச்சான் (நிலக்கடலை) இடிச்சுப் போட்டு அரைச்சுப் பாருங்க, 30 கிராம் கச்சான்ல ஏழு கிராம் கிட்ட இருக்கு. எங்க வீட்டுல இப்ப அந்தச் சம்பல்தான் மொதல்ல காலியாகுது.