வாசகர் கேள்வி: சிதம்பரத்துல எந்தக் காலத்துக்குப் போறது?

கேள்வி (ஈரோட்டு வாசகி): அக்கா, வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டு சிதம்பரம் போறோம், அரை நாள்தான் டைம். எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இல்லாம பார்க்கலாம்?

பதில்: கூட்டம் இல்லாத நேரமா தேடாதீங்கம்மா, பூஜை நடக்கிற நேரமா போங்க. அங்க தினமும் ஆறு கால பூஜை, ஒவ்வொரு காலத்துலயும் கனகசபையில, அதாவது நடராஜர் சன்னதிக்கு முன்னாடி இருக்கிற மண்டபத்துல, ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் பண்ணுவாங்க. உங்களுக்கு அரை நாள்தான்னா காலையில ரெண்டாம் காலத்தை விட்டுடாதீங்க, பத்து பத்தரை வாக்குல வரும், அன்னிக்கு எப்போன்னு உள்ள நுழைஞ்சதும் தீட்சிதர் யாரையாவது கேட்டுக்குங்க. அப்பதான் ரத்தினசபாபதிக்கு அபிஷேகம், ஒரு நாளைக்கு ஒரே தடவைதான். மாணிக்கத்துல செஞ்ச சின்ன நடராஜர், கற்பூரத்தை முதல்ல முன்னாடி காட்டுவாங்க, அப்புறம் மூர்த்திக்குப் பின்னாடி கொண்டு போவாங்க பாருங்க, வெளிச்சம் உள்ள புகுந்து அப்படியே தணல் மாதிரி செவந்து நிக்கும். சுத்தி நிக்கிறவங்க சத்தம் அடங்கி ஒரு நொடி கழிச்சுத்தான் "சிவ சிதம்பரம்"னு குரல் எழும்பும். நான் மொத தடவை போனப்போ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அஞ்சு நிமிஷத்துல கும்பிட்டு ஓடி வந்துட்டேன், இதைப் பார்க்க மறுபடி பல வருஷம் ஆச்சு, அந்த ஆதங்கத்துலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். அப்பா அம்மாவால கனகசபைப் படி ஏற முடியலைன்னா கவலை இல்ல, கீழ பிராகாரத்துல நின்னே நல்லா தெரியும். கொஞ்சம் முன்னாடியே போய் இடம் பிடிச்சுக்குங்க.

கேள்வி (மதுரை வாசகர்): சிதம்பர ரகசியம்னு சொன்னாங்க, திரையை விலக்கினாங்க, உள்ள தங்க வில்வ மாலை தொங்குது, வேற ஒண்ணுமே இல்ல. நான் எதையோ பார்க்காம விட்டுட்டேனா?

பதில்: எதையும் விடலை சார், சரியா பார்த்திருக்கீங்க. பஞ்சபூத ஸ்தலத்துல இது ஆகாசம். திருவானைக்காவுல லிங்கத்தடியில தண்ணி ஊறும், காளஹஸ்தியில உள்ள தீபம் ஆடும், அங்கெல்லாம் கண்ணுக்கு ஒரு அடையாளம் இருக்கு, ஆகாசத்துக்கு என்ன அடையாளத்தை வைக்கிறது? வெறும் வெளிக்குத்தான் அந்த மாலையை சாத்தியிருக்காங்க. ஒரே சன்னதியில மூணு நிலையில கும்பிடறோம், நடராஜர் உருவம், ஸ்படிக லிங்கம் அருவுருவம், அதாவது உருவமும் அருவமும் சேர்ந்தது, திரைக்குப் பின்னாடி உருவமே இல்லாத அருவம். இந்த வரிசையில மனசுல வச்சுட்டு இன்னொரு தடவை போய் நில்லுங்க, ஏமாந்த மாதிரி தோணவே தோணாது. தில்லைங்கிற இந்தச் சிதம்பரத்தைத்தான் சைவங்க வெறுமனே 'கோயில்'னு சொல்றாங்க, அது சும்மா வந்த பேரு இல்ல.

கேள்வி (கும்பகோணத்து வாசகி): சிவன் கோயிலுக்குள்ள பெருமாள் எப்படி?

பதில்: அது 108 திவ்யதேசத்துல ஒண்ணு, தில்லைத் திருச்சித்திரகூடம். குலசேகர ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடின இடம். நடுவுல சன்னதி இல்லாம போய், 1539-ல விஜயநகர ராஜா அச்சுதராயர் காலத்துல கோவிந்தராஜரைத் திரும்ப பிரதிஷ்டை பண்ணாங்க. நடராஜர் தெற்கே பார்த்து ஆடுறார், பெருமாள் கிழக்கே பார்த்து பள்ளிகொண்டிருக்கார், ரெண்டு பேரையும் ஒரே இடத்துல நின்னு தரிசிக்கலாம். எங்க பாட்டி அங்க நின்னா நகரவே மாட்டாங்க.

கேள்வி (சேலம் வாசகர்): நடராஜருக்கு அபிஷேகம் பார்க்கணும்னா?

பதில்: வருஷத்துக்கு ஆறு தடவைதான். அதுல ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் பெருசு, மூலவரே தேர்ல வெளிய வர்றார், வேற கோயில்ல உற்சவர்தான வருவார், இங்க ரெண்டு பேரும் ஒருத்தரேதான். தேரன்னிக்கு ராத்திரி ஆயிரங்கால் மண்டபத்துல தங்கி, மறுநாள் விடியக்காலையில அங்கதான் மகா அபிஷேகம். அதுக்குப் போறவங்க முந்தின நாளே ஊர்ல ரூம் போட்டுடுங்க, அப்ப கிடைக்கிறது கஷ்டம்.

அந்தக் கூட்டம் தாங்காதுன்னா சாதாரண நாள்ல ராத்திரி அர்த்தஜாமத்துக்கு இருங்க. எல்லாக் கோயில் சாமியோட சாந்நித்தியமும், அதாவது தெய்வ சக்தியும், அந்த நேரம் தில்லைக்கு வந்து சேருதுன்னு ஊர்க்காரங்க நம்பிக்கை. சுவாமி பாதுகை பல்லக்குல பள்ளியறைக்குப் போகும், பின்னாடியே நீங்களும் நடந்து போகலாம்.