புதிய இணையதளம் கூகுளில் வரவே இல்லை, என்ன செய்வது?

கேள்வி இது: "இணையதளம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பெயரைப் போட்டுத் தேடினாலும் கூகுளில் வரவில்லை. கூகுளில் எப்படிச் சேர்ப்பது? பணம் கட்ட வேண்டுமா?"

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: ஒரு ரூபாய்கூட வேண்டாம். தேடல் முடிவுகளில் இடம் பெறவும், அடிக்கடி வந்து பார்க்கவும் கூகுள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. "ஐந்நூறு தேடுபொறியில் சேர்த்துத் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

மூன்று மாதம் இதே தவிப்பில் இருந்தவன் நான். அப்பா முப்பது வருடமாக எழுதி வைத்திருந்த பாரம்பரிய நெல் ரகக் குறிப்புகளை வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு தளம் அமைத்து ஏற்றினேன். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று நாற்பதுக்கு மேல் ரகங்கள். தளம் அழகாக இருந்தது, ஆனால் தேடினால் ஒன்றும் வரவில்லை.

நீங்கள் இப்போதே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை ஒட்டிப் போடுங்கள். பக்கங்கள் வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும், பின்வரிசையில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் கதவு பூட்டியிருக்கிறது.

எனக்கு ஒன்றுமே வரவில்லை. பூட்டு எங்கே இருந்தது என்றால், வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்கிற கட்டம் அது. தளம் செய்து கொடுத்தவர் வேலை நடக்கும்போது அதில் டிக் போட்டிருக்கிறார், முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார். அந்த டிக் இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்திலும் 'நோஇண்டெக்ஸ்' என்ற குறிப்பு போய்க்கொண்டே இருக்கும். வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் சைட்மேப்பும், அதாவது தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியலும் வராது. முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ரோபாட்ஸ் கோப்பு. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு அது, இன்றும் அதுதான் நடைமுறை. "இந்தப் பக்கம் வராதே" என்று தேடுபொறியின் ரோபாட்டிடம், அதாவது தளம் தளமாகப் போய்ப் பக்கங்களைப் படித்துவரும் நிரலிடம், சொல்வது ரோபாட்ஸ் கோப்பு. "வந்து பார், ஆனால் பட்டியலில் சேர்க்காதே" என்பது நோஇண்டெக்ஸ். இரண்டையும் ஒரே பக்கத்துக்குப் போட்டால், உள்ளே வராத ரோபாட் நோஇண்டெக்ஸ் குறிப்பைப் படிக்கவே முடியாது. வெளியே யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால் மறைக்க நினைத்த முகவரியே தேடலில் வந்து நிற்கலாம்.

டிக்கை எடுத்தேன், தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்தேன், சைட்மேப் முகவரியைக் கொடுத்தேன். சில நாளில் முகப்பும் ஐந்தாறு பக்கங்களும் வந்தன. மற்ற ரகங்கள் 'டிஸ்கவர்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்ற வரிசையில் நின்றன. அப்படியென்றால், முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சைட்மேப் கொடுத்தால் எல்லாம் ஏறிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது முகவரிப் பட்டியல் மட்டும்தான். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை வைக்கலாம், ஆனால் எதைச் சேர்ப்பது என்பது கூகுளின் முடிவு. ஒரு பக்கம் முக்கியமா என்பதை அதற்கு எத்தனை இணைப்புகள் வருகின்றன என்பதை வைத்தும் அது கணிக்கிறது. என் தளத்தில் ரகங்களுக்குப் போக ஒரே வழி, பெயரைத் தேர்ந்தெடுத்து 'காட்டு' என்று அழுத்தும் கீழ்விரி பட்டியல். ரோபாட் அதையெல்லாம் அழுத்திப் பார்க்காது, சாதாரண இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பக்கம் போகும். முகப்பிலிருந்து ஒரே சொடுக்கில் போகும்படி எல்லா ரகங்களின் பெயரும் வெறும் இணைப்புகளாக இருக்கும் ஒரு பக்கம் செய்தேன். அப்புறம் ஒவ்வொரு ரகத்தின் அடியிலும் அதே பருவத்து மற்ற ரகங்களுக்கு இணைப்புக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் செய்தவற்றில் அதிகப் பலன் தந்தது அதுதான்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல்கள் இரண்டு.

ஒன்று எழுத்துரு. அப்பாவின் குறிப்புகளில் பாதி, அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் மாட்டிவிடும் எழுத்துரு அது. அந்த பிடிஎஃப்களை அப்படியே ஏற்றியிருந்தேன். கண்ணுக்கு நல்ல தமிழ். ஆனால் அதிலிருந்து 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். கூகுள் படிப்பதும் அதைத்தான். உங்கள் பிடிஎஃப் எதையாவது இப்படி ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழவில்லை என்றால், கணினிகள் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாமல் தேடலில் வர வாய்ப்பே இல்லை. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் மாற்றியதை அப்பா ஒவ்வொரு பக்கமாக மெய்ப்புப் பார்த்தார், பிறகு பிடிஎஃப்பாக விடாமல் சாதாரண வலைப்பக்கமாகவே போட்டோம். ஊரெங்கும் எத்தனை சிறுபத்திரிகைகள், மலர்கள், ஆய்வேடுகள் இணையத்தில் இருந்தும் இல்லாதவையாகக் கிடக்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்னொன்று முகவரி. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் முகவரியில் ஒன்பது இடம் எடுக்கும். புள்ளி, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. வேர்ட்பிரஸ் தருவது 200 இடம். 'மாப்பிள்ளைச் சம்பா சாகுபடி' என்று தலைப்பு வைத்தால் 'சாகுப' என்பதோடு முகவரி வெட்டுப்பட்டு நின்றுவிடும். கூகுளுக்குத் தமிழ் முகவரி ஒரு தடையே இல்லை, ஆனால் சுருக்கமாக நாமே எழுதி வைப்பது நல்லது. நான் ரகத்தின் பெயரை மட்டும் வைக்கிறேன். ஏற்கெனவே ஏறிவிட்ட முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பிவிடல் போடுங்கள்.

மெட்டா கீவேர்ட்ஸ், அதாவது பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதி வைக்கும் தேடற்சொல் பட்டியல் பற்றி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். தர வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. விக்கிபீடியாவில் உங்கள் இணைப்பைத் திணிப்பதும் வீண், அங்குள்ள வெளியிணைப்புகள் எல்லாம் 'நோஃபாலோ', அதாவது இந்த இணைப்பைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்போடு இருப்பவை. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கை மட்டும் மறக்காதீர்கள். பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சர்ச் கன்சோலில் இருப்பதை அப்படியே இறக்குமதி செய்யலாம், ஐந்து நிமிட வேலை. டக்டக்கோ என்ற தேடுபொறியும் பெருமளவு பிங்கைச் சார்ந்துதான் இருக்கிறது.

சரி, எல்லாம் செய்தபின் எவ்வளவு நாள்? சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். சர்ச் கன்சோலில் உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில், சேர்க்கச் சொல்லி ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வேண்டுகோள் கொடுப்பதால் வேகம் கூடாது.

பக்கங்கள் ஏறத் தொடங்கியதும் சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறந்து, என்ன தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் தளத்தில் முதலில் தெரிந்த தேடல் 'காட்டுயாணம் எத்தனை நாள் பயிர்'. நாங்கள் எங்கும் 'காட்டுயானம்' என்றுதான் எழுதியிருந்தோம், அதுவும் நூற்றெண்பது நாள் என்ற தகவல் நான்காவது பத்தியில் கிடந்தது. அப்பாவிடம் காட்டினேன். "அப்படியும்தான் சொல்லுவாங்க, ரெண்டையும் போடு" என்றார். அன்று இரவே இரண்டு பெயரையும் முதல் வரியில் வைத்து, நாள் கணக்கை அடுத்த வரிக்குக் கொண்டுவந்தேன்.