வாங்கும் முன், வாங்கிய பின்: குளிர் நுழையும் இடுக்குகள்

கதவு இடுக்கில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினேன். ஒரே மாதத்தில் பிய்ந்துவிட்டது. கடைக்காரர், "இந்தக் குளிருக்கு எதுவும் நிற்காது" என்கிறார்.
— வாசகி, சூரியநெல்லி

நிற்கும். ஆனால் ஸ்பாஞ்ச் நிற்காது. அது மூடுபனியின் ஈரத்தைக் குடிக்கும், கதவு அழுத்த அழுத்தத் தட்டையாகிவிடும். எங்கள் பின்கதவுக்கு நான் வாங்கி ஒட்டியதும் மழைக்காலம் முடிவதற்குள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பணம் போனதுதான் மிச்சம். இ.பி.டி.எம். ரப்பர் பட்டை என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். ஒட்டும் முன் நிலைச் சட்டத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு ஒட்டுங்கள். விடியற்காலைக் குளிரில் பசை பிடிக்காது.

அப்புறம், எந்த இடுக்கில் காற்று வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காற்று அடிக்கும் ராத்திரியில் ஃபேனை நிறுத்திவிட்டு, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஊதுபத்தியை ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கேதான் வேலை. பல வீடுகளில் கதவின் அடியிலும், நிலைக்கும் சுவருக்கும் நடுவிலும்தான் காற்று வரும்.

வீட்டு ஜன்னல்களுக்கு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி என்று பேசிப் பணம் வாங்கினார்கள். இப்போது பார்த்தால் ஒற்றைக் கண்ணாடி போல இருக்கிறது. பில் கேட்டால் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்புகிறார்கள். மாட்டியதைக் கழற்ற முடியாதாம்.
— வாசகர், மூணாறு

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டியதும் செல்போன் விளக்கைக் கண்ணாடிக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். ஒற்றைக் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் இரண்டு தெரியும். இரட்டையில் நான்கு தெரியும். இரட்டைக் கண்ணாடி என்றால் விளிம்பைச் சுற்றி, இரு கண்ணாடிகளுக்கும் நடுவே ஒரு பட்டை ஓடும். குளிரைத் தடுப்பது கண்ணாடியின் தடிமன் அல்ல, நடுவில் அடைபட்ட காற்று. "கனமான கண்ணாடி சார், அதுவே போதும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஒற்றைதான் என்றால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல. பில் கொடுக்க மறுப்பதையே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். திரும்பக் கொடுப்பதற்குப் பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று கடைக்குக் கடை பலகை தொங்குகிறது. குறையுள்ள பொருளை நம் தலையில் கட்ட அந்தப் பலகை யாருக்கும் உரிமை தராது. அதைப் பார்த்துவிட்டு வாய் மூடித் திரும்புகிற ஒவ்வொருவரையும் நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தப் பலகை அவ்வளவு பேருடைய பணத்தை விழுங்கியிருக்கிறது.

வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய கணக்கு, பணம் அனுப்பிய பதிவு எல்லாம் சாட்சிதான். எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதோடு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எர்ணாகுளத்தில் இருந்தாலும் தேனியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆன்லைனில் கதவின் அடியில் மாட்டும் பட்டை மலிவாகக் கிடைத்தது. வந்தது கதவைவிடக் குட்டையாக இருக்கிறது. நீளம் அதில் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. யார் மேல் புகார் கொடுக்கலாம்?
— வாசகர், மறையூர்

யார் மேலும் முடியாது. கதவை அளந்துவிட்டு வாங்குங்கள்.

எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டோம். ராத்திரி அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு படுக்கலாமா?
— வாசகி, வட்டவடை

கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இடுக்கை அடைத்த அறையில் ஆபத்து இன்னும் அதிகம். நெருப்பு காய வேண்டுமானால் முற்றத்தில் காயுங்கள். கனலோடு சட்டியை உள்ளே கொண்டுவராதீர்கள். கேஸ் அடுப்பு இருக்கும் அறையின் காற்றுத் துவாரத்தையும் அடைக்கக் கூடாது.

எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். ஜன்னல் பலகை உளுத்துவிட்டது. ஜனவரியில் குழந்தைகள் நடுங்குகிறார்கள். பெரிய செலவு செய்ய வழியில்லை.
— வாசகி, தேவிகுளம் அருகே

நீங்கள் பெரிய செலவு செய்யவே வேண்டியதில்லை, அம்மா. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்ட காலத்திலிருந்தே தொழிலாளிக்கு வீடு கொடுப்பதும் அதைப் பராமரிப்பதும் முதலாளியின் கடமை. உளுத்த பலகையை மாற்றித் தரச் சொல்லி மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள், யூனியன் மூலமாகவும் கொடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

அதுவரைக்கும் இப்படிச் செய்யலாம். பார்சலில் வரும் குமிழி பிளாஸ்டிக்கைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி, கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கம் கண்ணாடியைத் தொடும்படி அழுத்துங்கள். பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும், வெளிச்சமும் வரும். பழைய கம்பளியை ஜன்னலைவிட அகலமாக, அடிவரை தொங்கவிடுங்கள். பழைய புடவையைக் குழாய் போல் தைத்து, காய்ந்த மணல் நிரப்பிக் கதவின் அடியில் போடுங்கள்.

கொடுக்கிற மனுவின் நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே மனுவைத் தபாலில் அனுப்பி, ரசீதை வையுங்கள்.