அடிக்குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்: புனைவல்லாத நூல்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் வரலாறு, தன்வரலாறு, நாட்குறிப்பு ஆகியவற்றைப் பற்றியவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன். நான் ஆய்வாளன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக இவ்வகை நூல்களை வாங்கிப் படித்துவரும் வாசகன் மட்டுமே.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலை இருமுறை தொடங்கி இருமுறையும் பாதியில் வைத்துவிட்டேன். சுருக்கப் பதிப்பைப் படித்தால் போதுமா?

போதாது. அந்நூலின் சுவையே அதன் விரிவில்தான் இருக்கிறது. மகனுக்குத் தமிழ் கற்பிக்க நல்ல ஆசிரியர் கிடைக்கும் ஊரைத் தேடி ஒரு குடும்பம் ஊர் ஊராகக் குடிபெயர்வதும், தந்தையின் இசைப் பயிற்சியால் கிடைக்கும் சொற்ப வருவாயில் காலம் தள்ளுவதும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்குமுன் அந்த இளைஞர் படும் ஏக்கமும் சுருக்கினால் நான்கு பக்கங்களில் அடங்கிவிடும். ஆனால் அந்த நான்கு பக்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சைப் பகுதி இருக்காது. தொடக்கம் சலிப்பூட்டுமானால், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்ததும் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதிக்கு நேரே செல்லுங்கள். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் பெருமையோடு அடுக்க, முதலியார் அவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887இல் சிந்தாமணி அச்சாகும் வரையிலான பகுதியைப் படித்துவிட்டால், முதல் பக்கத்துக்கு நீங்களே திரும்பிவிடுவீர்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1855இல் பிறந்த ஐயர் இதை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல். அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் தருகிறார் என்றால், அவை எண்பத்தைந்து வயது நினைவு கட்டியெழுப்பிய உரையாடல்கள். அதனால் நூலின் மதிப்பு குறைவதில்லை. எதற்குச் சான்று, எதற்கு இல்லை என்பது மட்டும் தெளிவாகிறது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம் பிள்ளை சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிய செய்தியும் இதில் ஐயரின் பார்வையில் மட்டுமே வருகிறது. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளையும் அருகில் வைத்துப் படித்தால்தான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த முன்னோடி எத்தகைய இடர்களுக்கிடையே உழைத்தார் என்பது புரியும். 1942இல் ஐயர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை. பின்னாளைய வாழ்வை அறிய விரும்பினால் அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதனின் ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது.

கேள்வி (மதுரை வாசகர்): தன்னம்பிக்கை நூல்களில் சிறந்த ஐந்தைச் சொல்லுங்கள்.

அவற்றை நான் படிப்பதில்லை. வேறொருவரைக் கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் பொதுவாசகர் படிக்க முடியுமா? தமிழே கடினமாக இருக்கிறதே.

முதல் முப்பது பக்கங்கள் கடினம்தான். பிள்ளை இலக்கியம் எழுதவில்லை. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, துரை கோபித்துக்கொண்டார், இன்னார் இன்னாரிடம் கோள் சொன்னார் என்று, பேச்சுத்தமிழும் வணிகக் கணக்கும் பாரசீக, பிரெஞ்சுச் சொற்களும் கலந்த நடையில், 1736 முதல் தமக்காகக் குறித்து வைத்தார். சத்தமாக வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

தன்வரலாற்றை எழுதுபவருக்கு முடிவு தெரியும். நாட்குறிப்பு எழுதுபவருக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கும் தெரியாது, அவருடைய துபாஷான (மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமான) பிள்ளைக்கும் தெரியாது. 1748இல் முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதும் பக்கங்களில், ஆள்வோரிடம் வேலை பார்க்கும் ஒருவர் தம் ஊராரின் ஆத்திரத்துக்கும் தம் பதவிக்கும் இடையே நிற்பதைக் காணலாம். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில்தான் அவரும் இறந்தார். தமக்குப் பிடிக்காதவர்களைப் பற்றி எழுதும்போது பிள்ளை நடுநிலையாளர் அல்லர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி வாசகர்): ‘பொன்னியின் செல்வன்’ படித்து முடித்தேன். சோழர் வரலாறு முழுவதும் தெரிந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது, அது நாவல். தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’, கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு ஆகிய இரண்டையும் படியுங்கள். சாஸ்திரியின் நூலுக்குத் தமிழாக்கம் உண்டு. அடிக்குறிப்புகளைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது உத்தம சோழன்தான் என்று சாஸ்திரி எழுதியதை ஏற்கிறீர்களா? கல்வெட்டே இருக்கிறதே!

கல்வெட்டு இருக்கிறது, நீங்கள் சொல்வது அதில் இல்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள, கரிகாலனின் தம்பி இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பப்பட்ட ஆணையைக் கூறுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டி, அவர்களுடைய, அவர்களுடைய உறவினருடைய உடைமைகளைப் பற்றிப் பேசுகிறது. உத்தம சோழனின் பெயரைக் கொலையோடு அது எங்கும் இணைக்கவில்லை.

சாஸ்திரி வந்தடைந்தது ஓர் ஊகம். குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பன் (உத்தமன்) அரசை விரும்பும்வரை தாம் அதை விரும்பவில்லை என்று அருள்மொழி (பின்னாளைய இராசராசன்) ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அதையும், உத்தமனின் சுமார் 15 ஆண்டு ஆட்சி முடிந்து இராசராசன் வந்தபிறகே இந்த ஆணை பிறந்ததையும் சேர்த்துப் பார்த்து, உத்தமன்மீது ஐயம் கொண்டார். பண்டாரத்தார் அதே சான்றுகளை வைத்துக்கொண்டு அதை மறுத்தார். என் சாய்வு பண்டாரத்தார் பக்கம். கல்லில் உள்ள ஆண்டு நிலவிவகாரம் தீர்ந்த ஆண்டு. குற்றம் எப்போது விசாரிக்கப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): மேற்கண்ட பதிலில் பாண்டியர் சூழ்ச்சியை மறைக்கிறீர்கள். ரவிதாசனின் பட்டம் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’. பஞ்சவன் என்றால் பாண்டியன். இதைவிட என்ன சான்று வேண்டும்?

மறைக்கவில்லை, அதையும் எடைபோட்டேன். அடுத்த பெயரையும் படித்திருக்கலாம்: பரமேசுவரனின் பட்டம் ‘இருமுடிச்சோழ பிரமாதிராசன்’. முதல் பட்டத்தால் பாண்டியர் சதி உறுதியாகும் என்றால், இரண்டாவது பட்டத்தால் சோழர் சதி உறுதியாக வேண்டும். பட்டம் ஒருவருடைய பதவியைக் காட்டும். அவருடைய நோக்கத்தைக் காட்டாது. கரிகாலன் வீரபாண்டியன் தலையைக் கொண்டதற்குப் பழிவாங்கல் நடந்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை; அது ஒரு கல்வெட்டால் நிறுவப்பட்டது என்பதைத்தான் மறுக்கிறேன்.

கேள்வி (கோவை வாசகர்): கரிகாலனைக் கொன்றது யார் என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன.

கேள்வி (மட்டக்களப்பு வாசகர்): மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

இன்று வந்த கேள்விகளில் என்னை மகிழ்வித்தது இதுதான். ‘பௌத்தமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ ஆகியவற்றைப் பலரும் சொல்வார்கள். நான் 1959இல் வந்த ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்பேன். பெயர் மட்டும் எஞ்சிய நூல்களையும், உரையாசிரியர்களின் மேற்கோள்களில் ஓரிரு செய்யுள்களாகத் தப்பிய நூல்களையும், பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் பொறுமையாகத் தேடித் தொகுத்திருக்கிறார். தொடர்ந்து படிக்கத் தேவையில்லை. நாளுக்கு மூன்று பக்கம் போதும். களப்பிரர் பற்றிய அவருடைய நூலில் சான்றுக்கு மேல் ஊகம் ஏறிவிடும் இடங்கள் உண்டு; அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): காந்தியின் ‘சத்திய சோதனை’யில் தண்டி யாத்திரையைக் காணவில்லை. என்னுடையது குறைப்பதிப்பா?

இல்லை. 1925இல் தொடராக எழுதத் தொடங்கிய அந்நூல் 1920களின் தொடக்கத்து நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. தண்டி யாத்திரை நடந்தது 1930இல். முன்னுரையைப் படித்திருந்தால், தாம் எழுதுவது முறையான சுயசரிதை அன்று, சோதனைகளின் கதை என்று அவரே சொல்லியிருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

கேள்வி (நெல்லை வாசகர்): ‘பொன்னியின் செல்வன்’ வரலாற்று நூலா?

திருச்சி வாசகருக்கு எழுதியதைப் பாருங்கள். நந்தினியின் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு நான்காவது கடிதம் யாரும் அனுப்ப வேண்டாம். நந்தினி கல்கியின் கற்பனை.