துப்பாக்கி லைசென்ஸ் வாங்கலாமா? காட்பாடியிலிருந்து ஒரு கடிதம்

வணக்கம் சார். போன மாசம் விடிகாலைல வாசல்ல கோலம் போட்டுகினு இருந்த என் மாமியார் கழுத்துச் செயினை, பைக்ல வந்த ரெண்டு பேர் அறுத்துகினு போய்ட்டாங்க. இழுத்த வேகத்துல கீழ விழுந்து தோள் எலும்பு விட்டுடுச்சி. டெக்சாஸ்ல இருக்கற என் தம்பி, "இங்கலாம் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, நம்ம ஊர்லதான் சட்டம் நல்லவன் கையைக் கட்டி வச்சிருக்கு"ன்றான். வீட்டுக்காரரும் லைசென்ஸுக்கு எழுதிப் போடப் போறேன்றாரு. சட்டம் இவ்ளோ கடுமையா இருந்தும் ரோட்ல திருட்டு குறையலையே, அப்புறம் அந்தச் சட்டத்தால யாருக்கு என்ன லாபம்?
– ஒரு வாசகி, காட்பாடி

வணக்கம்மா. மாமியாரைக் கொஞ்ச நாள் வாசலுக்குத் தனியா அனுப்பாதீங்க, கூட யாராவது நில்லுங்க. அந்த வயசுல விழுந்தவங்களுக்கு எலும்பு கூடிடும், பயம் லேசுல போகாது.

உங்க கேள்விக்கு நேரா வர்றேன். துப்பாக்கிச் சட்டம் செயின் அறுக்கறதை நிறுத்தாது, நிறுத்தும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. லண்டன் இருக்கற நாட்டுல 1996ல டன்பிளேன் ஸ்கூல்ல 16 பிள்ளைங்களையும் டீச்சரையும் ஒருத்தன் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் கைத்துப்பாக்கியையே தடை பண்ணாங்க, ஆனா இன்னைக்கும் அதே லண்டன்ல பைக்ல வந்து செல்போன் பிடுங்கறது பெரிய தொல்லை. சட்டம் மாத்தறது வேற ஒண்ணை. பிடுங்க வர்றவன் கைல என்ன இருக்குன்றதை. போன் போனவங்க பெரும்பாலும் உயிரோட ஸ்டேஷனுக்குப் போய் புகார் குடுக்கறாங்க, உங்க மாமியாரும் இன்னைக்கு உங்க கூட இருக்காங்க, இதைச் சின்ன விஷயமா நினைச்சிடாதீங்கம்மா.

தம்பி சொல்ற ஊரையே எடுத்துக்கலாம். அமெரிக்காவுல ஜனத்தொகையை விட துப்பாக்கி அதிகம். திருட்டு, வழிப்பறின்னு பாத்தா அந்த நாடு மத்த பணக்கார நாடுங்களை விட ரொம்ப மோசம்லாம் இல்ல, கொலைலதான் எங்கயோ நிக்குது. 2021ல மட்டும் அங்க துப்பாக்கியால செத்தவங்க 48 ஆயிரத்துக்கு மேல, அதுல பாதிக்கும் மேல திருடன் சுட்டதும் இல்ல திருடனைச் சுட்டதும் இல்ல, தற்கொலை. பீரோவுல இருக்கற துப்பாக்கி வாசலுக்கு வர்ற திருடனுக்காகக் காத்திருக்கறதை விட வீட்டுக்குள்ள ஒரு கெட்ட ராத்திரிக்காகக் காத்திருக்கறதுதான் அதிகம். மருந்து குடிச்சவங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடி எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கோம், துப்பாக்கின்னா பத்துல எட்டு ஒன்பது பேர் பொழைக்கறதில்ல. பரீட்சை ரிசல்ட் வர்ற வீடு, கடன் இருக்கற வீடு, புருஷன் பொண்டாட்டி சண்டை நடக்கற வீடு, நம்ம தெருவுல எந்த வீடு இதுல இல்ல சொல்லுங்க?

அன்னைக்கு உங்க வீட்ல ரிவால்வர் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னும் யோசிச்சுப் பாருங்க. பின்னாடி உக்காந்தவன் கை நீட்டி அறுத்து வண்டி கிளம்பறது மூணு நாலு செகண்ட், துப்பாக்கி பீரோவுல, மாமியார் கைல கோலமாவு. உங்க வீட்டுக்காரர் ஓடி வந்து சுட்டாலும் அந்த நேரம் ரோட்ல பால்காரர் இருப்பாரு, பேப்பர் போடற பையன் இருப்பான். எல்லார் வீட்லயும் துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா திருடன் தொழிலை விட்டுடுவான்னு தம்பி நினைக்கறாரு, அவன் விடமாட்டான், அவனும் ஒண்ணு வாங்கிகினுதான் வருவான், முதல்ல சுடறவனும் அவனாதான் இருப்பான்.

சட்டத்துல ஓட்டை இல்லைன்னு சொல்லல. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா ஜெயில், ஆனா பீகார் முங்கேர்ல இருந்து கள்ளத் துப்பாக்கி நாடு பூரா போகுது. சிகாகோவுல கட்டுப்பாடு போட்டாங்க, பக்கத்து இந்தியானா மாநிலத்துல ஈசியா வாங்கி உள்ள கொண்டாந்துடறாங்க. நம்ம ஜவ்வாது மலைப் பக்கமே கரிமருந்தும் பால்ரஸ்சும் போட்டுச் சுடற ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டுகினுதான் இருக்கு, பன்னின்னு நினைச்சு கூட வேட்டைக்கு வந்தவனையே சுட்ட கொடுமையும் நடந்திருக்கு. சட்டத்தோட கை எட்டாத இடம் இப்படி இருக்குன்றதுக்காக எட்டற இடத்துலயும் திறந்து விடுன்னு கேக்கறது எனக்குப் புரியல.

லைசென்ஸுக்கு எழுதிப் போடறது அவர் உரிமை, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கலாம், போலீஸ் விசாரணை நடக்கும், எலெக்ஷன் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. என் கருத்தைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். அந்த அலைச்சலை கேஸுக்காக அலையச் சொல்லுங்க. எஃப்ஐஆர் காப்பி இலவசமா குடுக்கணும், வாங்கி என்ன செக்ஷன்னு பாருங்க. பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த புது குற்றச் சட்டமான பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) 304 வெறும் பறிப்பு, அதிகபட்சம் 3 வருஷம்தான். காயம் உண்டாக்கிப் பறிச்சா அது கொள்ளை, 309, அதுக்கு ஆயுள் தண்டனையோ 10 வருஷம் வரைக்கும் ஜெயிலோ கிடைக்கும். மாமியாருக்கு வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரில காயச் சான்றிதழ் வாங்கி, எஃப்ஐஆர்ல 309 இல்லைன்னா ஏன் சேர்க்கலைன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதிக் கேளுங்க. பதில் வரலைன்னா எஸ்.பி. ஆபீஸ்ல மனு குடுங்க, எழுத உதவி வேணும்னா எஃப்ஐஆர் காப்பியை எனக்கு அனுப்புங்க.