முர்ஷிதாபாத்தை எங்கே தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் அலுவலக வேலையாகக் கொல்கத்தா செல்கிறேன். நடுவில் ஒரு நாள் ஓய்வு. முர்ஷிதாபாத் போய், 1757 பிளாசிப் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற வங்க நவாப் சிராஜ் உத் தௌலாவின் ஹசார்துவாரி அரண்மனையைப் பார்த்துவிட்டு இரவே திரும்ப எண்ணம். ஒரு நாள் போதுமா? வேறு எதைப் பார்க்கலாம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஹசார்துவாரிக்கு அரை நாளே போதும். ஆனால் அது சிராஜின் அரண்மனை அல்ல. சிராஜ் கொல்லப்பட்டு எழுபது வருடங்களுக்குப் பிறகு, 1829-இல் தொடங்கி 1837-இல் முடிந்த கட்டடம். கட்டியவர் நவாப் ஹுமாயூன் ஜா, பிளாசியில் சிராஜைக் காட்டிக்கொடுத்த தளபதி மீர் ஜாஃபரின் வழிவந்தவர். காட்டிக்கொடுத்தவரின் வாரிசு கட்டிய மாளிகையைக் காட்டிக்கொடுக்கப்பட்டவரின் வீடு என்று நினைத்துத்தான் பாதிப் பேர் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்குள் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது, நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் உதவித்தொகையும்தான். ஆயிரம் வாசல்களில் சுமார் நூறு போலி. சுவரில் கதவுபோல் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த அரசுக்கு ஏற்ற கட்டடம்தான்.

சிராஜின் ஹீராஜீல் மாளிகையைப் பாகீரதி ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. ஹசார்துவாரிக்கும் எதிரே உள்ள இமாம்பாராவுக்கும் (ஷியா முஸ்லிம்கள் முஹர்ரம் துக்கம் அனுசரிக்கும் மண்டபம்) நடுவில் மைதானத்தில் சின்னதாக ஒரு மதீனா மண்டபம் நிற்கும். சிராஜ் எழுப்பிய பழைய இமாம்பாரா 1846-இல் எரிந்துபோனபோது தப்பியது இது. பெரிய கட்டடங்களைப் படமெடுக்கும் அவசரத்தில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனவே முதலில் படகில் ஆற்றைக் கடந்து குஷ்பாகுக்குப் போங்கள். தாய்வழித் தாத்தா அலிவர்தி கானும் சிராஜும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்தக் கல்லறைகளைப் பல ஆண்டுகள் பராமரித்த மனைவி லுத்ஃபுன்னிசாவும் அங்கேயே.

பிறகு கட்ரா மசூதி. தலைநகரை இங்கே அமைத்து ஊருக்குத் தன் பெயரையும் கொடுத்த முர்ஷித் குலி கான், நுழைவுப் படிக்கட்டின் கீழே தன்னைப் புதைக்கச் சொன்னார். தொழ வருபவர்களின் பாதம் தன்மேல் பட வேண்டும் என்பது அவர் விருப்பமாம். படியேறும்போது தெரியாது; பக்கவாட்டில் குனிந்து இறங்கினால் அந்தச் சிறிய அறை. மேலே ஐந்து குவிமாடங்களில் மூன்று 1897 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டன. முற்றத்தைச் சுற்றிலும் மாணவர்கள் தங்கிப் படித்த செங்கல் அறைகள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வழியில் மீர் ஜாஃபர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ‘நமக் ஹராம் தேவ்ரி’ என்று காட்டுவார்கள். துரோகியின் வாசல். சதியில் சமபங்கு கொண்ட, நவாபுகளுக்கே கடன் கொடுத்த ஜகத் சேட் குடும்பத்தின் வீட்டுக்கு மட்டும் இப்படி ஒரு பட்டம் கிடையாது, டிக்கெட் எடுத்து மரியாதையாகச் சுற்றிப் பார்க்கலாம். கடன் கொடுப்பவர்களை வரலாறு கொஞ்சம் மென்மையாகத்தான் நடத்துகிறது. நாமும் ஒதுங்கி நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது: 1756 அக்டோபரில் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவ் வங்கத்துக்குக் கப்பலேறியது மதராஸிலிருந்துதான், பிளாசியில் மதராஸ் சிப்பாய்களும் அவர் பக்கம் நின்றார்கள்.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் அசீம்கஞ்ச் பக்கம் பாராநகரில் நாட்டூர் ஜமீன்தாரிணி ராணி பவானி கட்டிய சார் பங்களா கோவில்களைப் பார்க்கலாம். குடிசைக் கூரை போல வளைந்த நான்கு சிவன் கோவில்கள், ஒரே முற்றத்தைப் பார்த்தபடி. சுடுமண் சிற்பங்களுக்கு மட்டுமே அரை நாள் ஆகும். திரும்பும்போது பஹரம்பூரில் சானாபோரா என்னும் இனிப்பைச் சாப்பிடாமல் ரயிலேற வேண்டாம்.

சியால்தாவிலிருந்து லால்கோலா ரயிலில் நான்கைந்து மணி நேரம். ஹசார்துவாரி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்களுக்கு அந்த நாள்தான் கிடைக்கிறது என்றாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.